ஏழாம் பாத்தி வெளுக்கும்வரை

சனிக்கிழமை நாலு மணி ஆனால் அமுதவல்லியின் கால்விரல்கள் செருப்புக்குள் தாமாகவே எண்ணத் தொடங்கிவிடும். ஒண்ணு, ரெண்டு, மூணே நாலு, அஞ்சே ஆறு. காது போனில் இருக்கும். திண்டிவனத்துக் கடைக்காரர் நீல உப்புப் பொட்டலம் இன்னும் வந்து சேரவில்லை என்று கத்திக்கொண்டிருப்பார். "திங்கக்கெழம காலைல வண்டி வந்துரும்ங்க" என்று அவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். கால்விரல்களுக்கு அந்தப் பேச்சில் சம்பந்தம் கிடையாது.

நாலரைக்கு உப்பளத்துக் கொட்டகை ஆணியில் தொங்கும் ஸ்கூட்டி சாவியை எடுப்பாள். டிபன் பாக்ஸை முன்னால் மாட்டிக்கொள்வாள். மரக்காணத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே, கூனிமேடு தாண்டி, குயிலாப்பாளையம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே சைக்கிள் கடை ஒன்றின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நீளமான கூடம். சிமெண்டுத் தரை. மூலையில் டேப் ரெக்கார்டர். ஆரோவில்லிலிருந்து வரும் நரைத்த வெள்ளைக்காரம்மா ஒருவர் சனிக்கிழமைதோறும் அங்கே ஸ்விங் ஆடக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஆடிய ஆட்டமாம். டிரம்பெட்டும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் பாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவர் பின்னால் சாய வேண்டும். பிறகு முன்னால் வந்து, சுற்றி, மறுபடியும் பின்னால்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கத்து மளிகைக்கடையில் உப்புப் பொட்டலம் இறக்கப் போனவள், மேலேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மாடிப்படியில் நின்றுவிட்டாள். மாவு படிந்த கையோடு நெட்டையாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க. வெளிய நின்னு பாத்தா டிக்கெட்டு, உள்ள வந்து ஆடுனா இலவசம்."

அவர்தான் மரியதாஸ். பேக்கரியில் ரொட்டி போடுபவர். அன்றிலிருந்து அமுதவல்லிக்கு ஆட்டத்தில் அவர்தான் ஜோடி. அவர் மனைவி ராசம்மாள் கதவோரம் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டும், தப்பு வந்தால் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டும் இருப்பாள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்வார்கள். மரியதாஸின் ரொட்டி இன்னும் சூடாக இருக்கும். அமுதவல்லி டிபன் பாக்ஸைத் திறப்பாள். ஒரு வாரம் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. இன்னொரு வாரம் சுட்ட கத்தரிக்காயைப் பூண்டோடு மசித்தது. மாங்காய் வரும் காலத்தில் மாங்காயும் இறாலும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாத்தியின் உப்பு. அவளும் அண்ணனும் நடத்தும் அளத்தில் ஒன்பது பாத்திகள். எந்தப் பாத்தி உப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தே அவள் சொல்லிவிடுவாள். இரண்டாம் பாத்தி மீனுக்கு. ஐந்தாம் பாத்தி ஊறுகாய்க்கு. கழுவெளி ஏரி ஓரமாக இருக்கும் ஏழாம் பாத்தி வெறும் சோற்றுக்கும் கஞ்சிக்கும். அதில் கடைசியாக ஒரு மெல்லிய இனிப்பு வரும் என்பாள். யாருக்கும் அது தெரிந்ததில்லை. மரியதாஸ் மட்டும் தலையாட்டுவார், மரியாதைக்காக.

முப்பத்து நாலு வயதில் அவளுக்கு வாழ்க்கை இப்படி மூன்று தட்டுகளாக இருந்தது. விடிந்தால் அளம், பகலெல்லாம் பொட்டலமும் போனும் கடைகளும், வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தச் சிமெண்டுத் தரை. மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள், போன ஐப்பசி வரைக்கும்.

2005-இல் பெய்த மழையை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தை மழைக்கு முன்னால் கீற்றுப் போட்டு மூடிவிட வேண்டும். அண்ணன் பலராமன் லாரியோடு வேலூர்ப் பக்கம் போயிருந்தான். மூடுவது அவள் பொறுப்பு. சனிக்கிழமை மதியம் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை மூடிக்கொள்ளலாம் என்று அவள் சாவியை எடுத்தாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. பாட்டோடு சேர்ந்த தாளம் என்றே ஒரு நிமிடம் நினைத்தாள். அவள் திரும்பி வருவதற்குள் அம்பாரம் பாதியாகிவிட்டது. ஏழாம் பாத்தியின் கரை உடைந்து, கழுவெளிச் சேறு உள்ளே இறங்கிக் கிடந்தது.

பலராமன் கத்தவில்லை. தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு ஒரு நாள் கொட்டகைக்கு வந்தான். அளத்தின் குத்தகை இரண்டு பேர் பெயரிலும் இருந்தது.

"அமுதா, ஊரு சொல்றதையெல்லாம் நான் காதுல வாங்கல. ஆனா நீ அங்க ஆடிட்டு இருந்த, இங்க உப்பு கரைஞ்சிட்டு இருந்துது. அது மட்டும் என் கண்ண உட்டுப் போக மாட்டேங்குது."

"என் தப்புதாண்ணே."

"தப்ப யாரு கேட்டா? மாசி முடியறதுக்குள்ள ஏழாம் பாத்தி வெள்ளையா வெளையணும். வெளைஞ்சா சனிக்கெழம உன்னுது. நான் வாயத் தொறக்க மாட்டேன். வெளையலன்னா வண்டிச் சாவி என்கிட்ட. ஆட்டம் கீட்டம்லாம் மறந்துட்டு யாவாரத்தப் பாரு."

"சரிண்ணே."

"வாயால சொன்னா ஆவாது. உப்புல கைய வையி."

அவர்கள் குடும்பத்தில் வாக்குக் கொடுப்பது அப்படித்தான். ஒரு கைப்பிடி உப்பைக் குவித்து இரண்டு பேரும் உள்ளங்கையை வைக்க வேண்டும். ஆளுக்கோர் உப்புக்கல் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கரையும்வரை பேசக் கூடாது. பேசாமல் இருக்கும் அந்த நேரத்தில் சொன்னது உள்ளே இறங்கிவிடும் என்று நம்பிக்கை. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, கன்னத்தில் ஒதுக்கிய உப்போடு, வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

உப்புப் பாத்தியின் தரையைக் காலால்தான் செய்ய வேண்டும். ஈரக் களிமண்ணை வரிசையாக நின்று மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான், மேலே விளையும் உப்பு வெள்ளையாக வரும். அந்த வருடம் எல்லா அளமும் மழையில் கெட்டிருந்ததால், மிதிக்கிற ஆட்களுக்கு எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். அமுதவல்லிக்குக் கிடைத்தது ஞானாம்பாளும் அவளோடு மூன்று பெண்களும்தான். நாலு பேரை வைத்துக்கொண்டு ஒன்பது பாத்தி ஆகிற காரியம் இல்லை.

சனிக்கிழமை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

"அவ்ளோதானா ஓனரம்மா? கால்தான வேணும்?" என்றார் மரியதாஸ். "எங்ககிட்ட நெறைய இருக்குது."

"வூட்ல ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா அந்தக் காலு வலிக்கும்," என்றாள் ராசம்மாள் கதவோரத்திலிருந்து.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரம்மாவையும் சேர்த்துப் பதினொரு பேர். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு, டேப் ரெக்கார்டரைக் கரைமேல் வைத்துவிட்டு. ஞானாம்பாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பிறகு அதட்டினாள்.

"இங்க பாருங்க. பாதம் முழுசாப் பதியணும். குதிகால் தனியா எறங்கக் கூடாது. முன்னாலதான் போவணும். பின்னால ஒரு அடி வெச்சீங்க, தரை பொத்துக்கும். அடியில கெடக்கற கருஞ்சேறு மேல வந்துடும். அப்பறம் உப்பு வெளையாது, சாம்பல்தான் வெளையும்."

"போச்சுடா," என்றார் மரியதாஸ். "வாரம் பூரா நாங்க பழகறதே பின்னால வெக்கறதுக்குத்தான்."

அமுதவல்லிக்கு ஸ்விங் வந்ததே இந்த மிதியால்தான். சின்ன வயதிலிருந்து பாத்தி மிதித்த கால்கள். தாளம் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் புதிதாகக் கற்றுக்கொண்டது அந்தப் பின்னடி ஒன்றை மட்டும். அதற்கே ஆறு மாதம் பிடித்தது.

கடைசி ஞாயிறு ஏழாம் பாத்தி முடிந்தது. எல்லோரும் வாய்க்காலில் கால் கழுவப் போய்விட்டார்கள். வெயில் சாய்ந்து, பாத்தித் தரையில் வானம் முழுவதும் இறங்கியிருந்தது. ரோஜா நிறம், பிறகு செம்பு நிறம். தூரத்தில் கழுவெளியில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவ்வளவு வழவழப்பான, அவ்வளவு பெரிய தரையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. பாத்தியாக அது நூறு தடவை கண்ணில் பட்டிருக்கிறது. தரையாக அன்றுதான் பட்டது. கரைமேல் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

மரியதாஸ் பாத்தி நடுவில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டினாள்.

"ஓனரம்மா, ஞானாம்பாக்கா பாத்தா..."

"ஒரு பாட்டு."

ஒரே ஒரு பாட்டு. மூன்று நிமிடம் இருக்கும். குளிர்ந்த களிமண் அவர்களைச் சறுக்கவும் விடவில்லை, பிடிக்கவும் இல்லை. சிமெண்டில் வராத சுழற்சி அதில் வந்தது. அவள் பின்னால் சாய்ந்தபோது தலைக்கு மேலேயும் வானம், காலுக்குக் கீழேயும் வானம். நடுவில் அவள் கையைப் பிடித்திருந்த மாவு வாசனைக் கை. விழுகிற மாதிரி இருந்தது, விழவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் திண்டிவனம் இல்லை, வேலூர் இல்லை, ஐப்பசி மழை இல்லை.

பாட்டு முடிந்ததும் பார்த்தாள். தரையில் வட்ட வட்டமாகக் குதிகால் குழிகள். சட்டென்று குனிந்து உள்ளங்கையாலும் பாதத்தாலும் ஒவ்வொன்றாகத் தேய்த்து மூடினாள். மரியதாஸும் தேய்த்தார். மேலே எல்லாம் சமமாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை.

*

தெளிந்த உப்புநீரைப் பாத்தியில் விட்டார்கள். மாசி பிறந்த நாலாம் நாள் விடிந்தபோது மற்ற எட்டுப் பாத்திகளும் வெள்ளையாகத்தான் பூத்திருந்தன. ஏழாம் பாத்தியும் வெள்ளைதான். நடுவில் மட்டும், யாரோ வரைந்து வைத்த மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அதற்குள் இன்னொரு வளையம். குதிகால் குதிகாலாக, இரண்டு ஜோடிக் கால்கள் நெருங்கி, விலகி, சுற்றி, மறுபடி நெருங்கிய வழி அத்தனையும் உப்பில் எழும்பியிருந்தது. அந்த மூன்று நிமிடம் கரையாமல் அங்கேயே படிந்து கிடந்தது.

அழகாக இருந்தது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியதற்காக அவள் தன்மேலேயே கோபப்பட்டாள்.

ஞானாம்பாள் கரைமேல் வந்து நின்றாள். வளையங்களைக் கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மிதி மிதின்னு சொன்னா ஆடி வெச்சிருக்குது பாரு," என்றாள் கடைசியில். "சரி உடு. உங்க அண்ணன் வர எட்டு மணி ஆவும். நடுவுல மட்டும் வாரி மூணாம் பாத்தி உப்போட கலந்துடலாம். பொட்டலத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

அமுதவல்லி பாத்தியில் இறங்கி வளையத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். முதலில் உப்பு. பிறகு சேறு. கழுவெளியின் அடியில் அழுகிக் கிடக்கும் இலைகளின் கசப்பு. அந்த மெல்லிய இனிப்பு வரவே இல்லை. இதை யார் வீட்டுக் கஞ்சியில் போடுவது? யாரோ ஒருத்தி காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றி, நீலப் பொட்டலத்தைப் பிரித்து...

"வேணாங்க்கா. கெடக்கட்டும். அண்ணன் பாக்கட்டும்."

"பாத்தா சாவியக் கேக்கும்."

"கேக்கட்டும்."

பலராமன் வந்தான். பாத்தியைப் பார்த்தவன் உடனே கோபப்படாமல் குந்தி உட்கார்ந்தான். அளத்துக்காரன் கண்ணுக்குக் கால்தடம் என்பது எழுத்து மாதிரி. யார் மிதித்தது, களைத்துப்போய் மிதித்ததா, பேசிக்கொண்டே மிதித்ததா, எல்லாம் தெரிந்துவிடும்.

"இது உன் காலு," என்றான். "இடது கால் கொஞ்சம் திரும்பியிருக்குது. சின்னப் புள்ளைலருந்தே அப்பிடித்தான். எதுத்தாப்புல இருக்கறது அந்த ரொட்டிக்காரரு."

"ஆமாண்ணே."

அவன் வளையத்தைச் சுற்றி நடந்தான். ஓரிடத்தில் நின்று மறுபடி குனிந்தான்.

"இங்க ரெண்டு பேரும் பின்னால சாஞ்சிருக்கீங்க. வெயிட்டு மொத்தமும் குதிகால்ல எறங்கியிருக்குது. இப்பிடிச் சாஞ்சா மல்லாக்க உழணுமே. உழுந்த தடமே இல்லியே?"

"கையப் பிடிச்சிட்டு இருந்தோம்ணே. அவர் சாயறது என்னைய நிறுத்தும். நான் சாயறது அவர நிறுத்தும்."

பலராமன் இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தான். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"சாவி," என்றான்.

அவள் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு அடி போனவன், திரும்பாமலே சொன்னான்.

"மாசி இன்னும் முடியல."

*

பாத்தியை வடித்தார்கள். சாம்பல் உப்பைச் சுரண்டி எடுத்து வாய்க்காலில் கரைத்தார்கள். குழிகளைத் தோண்டிக் கருஞ்சேற்றை அள்ளிவிட்டு, புதுக் களிமண் போட்டு, முதலிலிருந்து மிதிக்க வேண்டியிருந்தது. மற்ற எட்டுப் பாத்திகளில் வாருகிற வேலை இருந்ததால் ஞானாம்பாளின் ஆட்களைக் கூப்பிட முடியாது. அமுதவல்லியே காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் மிதித்தாள். நடுவில் பொட்டலம், போன், கடைகள். பொட்டல உப்பில் அயோடின் சேர்ந்திருக்கிறதா என்று தினமும் ஒரு சொட்டு மருந்து விட்டு, அது ஊதாவாக மாறுகிறதா என்று பார்க்கிற வேலை. அந்த ஊதா அவளுக்கு எப்போதும் பிடிக்கும். அந்த மாசியில் அதைப் பார்த்தால் ஏனோ சனிக்கிழமை வெள்ளைக்காரம்மா கட்டி வரும் துணி ஞாபகத்துக்கு வந்தது.

மாசியின் இரண்டாம் சனிக்கிழமை குயிலாப்பாளையத்தில் ஆட்ட விழா. புதுச்சேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒரு வருடமாக அவளும் மரியதாஸும் அதற்குத்தான் பழகியிருந்தார்கள்.

அன்று ஐந்து மணிக்கு அவள் ஏழாம் பாத்தியில் இறங்கினாள். கால்விரல்கள் வழக்கம்போல எண்ணத் தொடங்கின. ஒண்ணு, ரெண்டு, மூணே நாலு. பின்னடி வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் முன்னடி வைத்தாள். இப்போது அங்கே விளக்குகளைப் போட்டிருப்பார்கள். இப்போது டேப்பைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இப்போது ரொட்டி வந்திருக்கும், இன்று தொட்டுக்கொள்ள என்ன இருக்கும்? அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். வரப்பில் போய்த் திரும்பி, மறுபடி மிதித்தாள். வானம் அன்றும் இறங்கி வந்து காலுக்குக் கீழே படுத்தது. அவள் அதன்மேல் முழுப் பாதத்தையும் வைத்து, மெதுவாக, முன்னால் மட்டும் நடந்து போனாள். ஒரு கட்டத்தில் எண்ணுவது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கால்களுக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் காலை மரியதாஸும் ராசம்மாளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். துணிப்பையில் ரொட்டி.

"நேத்து என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

"இவ ஆடுனா. நான் உழுந்தேன்," என்றார் மரியதாஸ்.

"மூணு வருஷமா உக்காந்து பாத்தவளுக்கு வராதா?" என்றாள் ராசம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டே. "இந்த மனுஷன் சாயச் சொன்னா சாயறாரு, ஆனா கைய உட்டுட்டு சாயறாரு. எல்லாரும் அதுதான் புது ஸ்டெப்புன்னு நெனச்சிட்டு கைதட்டுனாங்க."

அமுதவல்லி சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு; கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. மூன்று பேரும் பாத்தியில் இறங்கி, தோளோடு தோள் வரிசையாக மிதித்தார்கள். பாட்டு வைக்கவில்லை.

மறுபடி உப்புநீர் விட்ட பிறகு, மாசி முடிய மூன்று நாள் இருக்கும்போதும் ஏழாம் பாத்தியில் வெறும் தண்ணீர்தான் நின்றது. கடலிலிருந்து ஈரக்காற்று வேறு. இரண்டு நாள் இருக்கும்போதும் அப்படித்தான். மாசி கடைசி நாள் விடியலில் அவள் பாத்திப் பக்கம் போகவே இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து பொட்டலம் எடை போட்டாள்.

"அமுதா!" என்று கரையிலிருந்து ஞானாம்பாள் குரல். "ஏ அமுதா! வந்து பாரு, வந்து!"

பலராமன் அவளுக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தான். ஏழாம் பாத்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே வெள்ளை. வெயில் பட்டுக் கண் கூசியது. வளையம் இருந்த இடத்தை அவள் தேடினாள். அதுவும் வெள்ளையாகவே இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் உப்பைக் கரைமேலேயே சோற்றில் போட்டுச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். மூன்று செங்கல்லை அடுப்பாகக் கூட்டி ஞானாம்பாள் கஞ்சி காய்ச்சினாள். அமுதவல்லி நெத்திலியை நெருப்பில் வாட்டினாள். பலராமன் குந்தி உட்கார்ந்து கஞ்சியை ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். புருவத்தைச் சுருக்கினான்.

"கடைசியில ஏதோ இனிப்பா வருதே," என்றான்.

அவள் நெத்திலியைத் திருப்பிப் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்குப் பலராமன் கொட்டகைக்கு வந்தான். மேஜைமேல் ஏழாம் பாத்தி உப்பை ஒரு கைப்பிடி குவித்தான். அதன்மேல் சாவியை வைத்தான்.

"சனிக்கெழம சாயங்காலம் தண்ணி உடறது, கீத்து பாக்கறது என் வேல. மத்த ஆறு நாளும் உன் வேல. கைய வையி."

இரண்டு பேரும் கையை வைத்தார்கள். ஆளுக்கொரு கல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அவள் அவசரத்தில் பெரிய கல்லாக எடுத்துவிட்டாள். டிபன் பாக்ஸ் தயாராக இருந்தது. செருப்புக்குள் விரல்கள் ஆரம்பித்துவிட்டன.

அப்போது போன் அடித்தது. திண்டிவனம்தான். இந்த நேரத்தில் வேறு யார்? அவள் போனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், உப்பு ஒதுக்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பலராமன் தன் வாயில் இருந்த சின்னக் கல்லை நாக்கால் துழாவி, அது கரைந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு போனை எடுத்தான். அந்தப் பக்கம் கத்தல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளை வெளியே போகச் சொல்லி விரட்டினான்.

"திங்கக்கெழம காலைல," என்று சொல்லிக்கொண்டிருந்தான், அவள் வண்டியைக் கிளப்பும்போது. "திங்கக்கெழம காலைல வண்டி வந்துரும்ங்க."

கூனிமேடு தாண்டும்போதும் அவள் வாயில் அந்தக் கல் கொஞ்சம் மிச்சம் இருந்தது.